ஆன் செய்யும்போதெல்லாம் டிஸ்க் செக் ஓடுகிறதா? நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் படியுங்கள்

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா தினமும் ஏதோ செக் பண்ணுது சார், பர்சன்டேஜ் ஓடுது, அரை மணி நேரம் போயிடுது. இதை எப்படி நிறுத்துறது?"

மென்பொருள் துறையில் இருப்பவன் என்று தெரிந்தாலே போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். சித்தப்பா கேட்பார், மாடி வீட்டுக்காரர் கேட்பார், ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்பார். இணையத்தில் தேடினால் ஒரு வரிக் கட்டளை கிடைக்கும். தட்டினால் சோதனை நின்றுவிடும். எல்லோரும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சோதனை எதற்காக ஓடியது என்று பத்தில் ஒன்பது பேர் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்த ஒரு வரிக் கட்டளையும் கீழே உண்டு, கவலை வேண்டாம்.

முன்குறிப்பு: கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்து எழுத்தாகத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்.

சோதனையை யார் ஓட்டுகிறார்கள்?

விண்டோஸ் எழும்போது, லாகின் திரை வருவதற்கு வெகு முன்பே, செஷன் மேனேஜர் என்ற நிரல் வேலையைத் தொடங்கிவிடும். ரெஜிஸ்ட்ரியில் அதற்கென்று 'பூட் எக்ஸிக்யூட்' என்ற ஒரு பதிவு இருக்கிறது. அதில் வழக்கமாக இருப்பது ஒரே வரி: 'ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே', பிறகு ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் எல்லா டிரைவையும் பார் என்று பொருள். ஆட்டோசிஎச்கே என்பது நமக்குத் தெரிந்த செக்டிஸ்க்கின் தம்பி. விண்டோஸ் முழுசாக எழுந்துவிட்டால் சி டிரைவில் உள்ள கோப்புகளெல்லாம் பயன்பாட்டில் இருக்கும், அவற்றின் அடித்தளத்தில் கைவைக்க முடியாது. அதனால்தான் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் வருமுன் தெருக் கூட்டுவதுபோல இந்த நேரத்தில் வருகிறது.

இது ஒவ்வொரு துவக்கத்திலும் வரத்தான் செய்கிறது. வந்து ஒவ்வொரு டிரைவிலும் ஒரே ஒரு குறியைப் பார்க்கும். குறி இல்லையென்றால் நீங்கள் கவனிப்பதற்குள் போய்விடும். இருந்தால்தான் முழுச் சோதனை. அந்தக் குறிக்குப் பெயர் 'டர்ட்டி பிட்'. அழுக்குக் கொடி என்று வைத்துக்கொள்வோம். என்டிஎஃப்எஸ் வட்டில் இது 'டாலர் வால்யூம்' என்ற மறைவான கோப்புக்குள் ஒரே ஒரு பிட்டாக உட்கார்ந்திருக்கிறது.

ஆக, நம் கேள்வி மாறிவிடுகிறது. சோதனையை எப்படி நிறுத்துவது என்பதை விட, கொடியை யார் தினமும் ஏற்றுகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

கரண்ட் போனதால்தானே?

"ஒழுங்கா ஷட்டவுன் பண்ணலை, அதான் செக் பண்ணுது." இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விளக்கம். விண்டோஸ் 98 காலத்தில் அது முழுக்கச் சரி. அப்போது ஃபேட் என்ற கோப்பு முறைமை. வட்டைப் பயன்படுத்தத் தொடங்கும்போது 'வேலை நடக்கிறது' என்று ஒரு குறி வைத்து, ஒழுங்காக மூடும்போது அதை எடுக்கும். நடுவில் மின்சாரம் போனால் குறி அப்படியே நிற்கும். அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் ஓடி, நீங்கள் விண்டோஸை முறையாக மூடவில்லை என்று குற்றம் சாட்டும். ஒரு நாளைக்கு நாலு முறை கரண்ட் போகும் ஊரில் நாலு முறை திட்டு வாங்கியவர்கள் நாம்.

என்டிஎஃப்எஸ் வேறு மாதிரி. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்த பிறகு வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. இது ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளும். ஒரு கோப்பை உருவாக்குவதென்றால் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி, இடப் பட்டியலில் ஒரு வரி என்று பல இடங்களில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்பே 'இன்னின்ன மாற்றம் செய்யப் போகிறேன்' என்று நாட்குறிப்பில் எழுதிவிடும். நடுவில் மின்சாரம் போனால், திரும்பி எழுந்ததும் நாட்குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்றதை முடிக்கும், அல்லது ரத்து செய்யும். சில நொடி வேலைதான். முழு வட்டையும் அலச வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இதில் ஒரு சேதி இருக்கிறது. நாட்குறிப்பை வைத்துச் சரிசெய்ய முடியாத முரண்பாட்டைக் கண்டால் என்டிஎஃப்எஸ் கொடியை ஏற்றும். கரண்ட் கட் எப்போதாவது ஒருமுறை அப்படிச் செய்யலாம். ஆனால் முழுச் சோதனை ஓடி முடிந்த பிறகும், மறுநாள் மீண்டும், அதற்கு மறுநாளும் கொடி ஏறுகிறது என்றால் கரண்ட் மேல் பழி போட முடியாது. வேறு ஏதோ நடக்கிறது.

2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து மைக்ரோசாஃப்ட் இந்த முறையை இன்னும் மாற்றியது. கோளாறுகளைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடிக் குறித்துவைத்து, துவக்கத்தில் அந்தக் குறித்த இடங்களை மட்டும் சில நொடிகளில் திருத்துவது புது ஏற்பாடு. அதனால் விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் தினமும் நீளமான சோதனை ஓடினால், பழைய எக்ஸ்பி கணினியில் ஓடியதை விடக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

முதலில் கொடியைப் பாருங்கள்

கட்டளை: எஃப், எஸ், யு, டி, ஐ, எல் ஆறு எழுத்தும் சேர்த்து. ஒரு இடைவெளி. டர்ட்டி. இடைவெளி. குவெரி. இடைவெளி. சி, பிறகு முக்காற்புள்ளி. என்டர் தட்டினால் வட்டு டர்ட்டியா இல்லையா என்று ஒரே வரியில் பதில் வரும். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*பதில் 'டர்ட்டி இல்லை':* அப்படியும் தினமும் சோதனை ஓடினால், யாரோ சோதனைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். நீங்களே எப்போதாவது செக்டிஸ்க் கொடுத்து 'அடுத்த துவக்கத்தில் செய்யட்டுமா' என்பதற்கு ஆம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஏதாவது பார்ட்டிஷன் மென்பொருள் பூட் எக்ஸிக்யூட் பதிவில் தன் வரியைச் சேர்த்துவிட்டு எடுக்காமல் போயிருக்கலாம். இதற்கு மருந்து எளிது: சி, எச், கே, என், டி, எஃப், எஸ் ஏழு எழுத்தும் சேர்த்து, இடைவெளி, சாய்கோடு, டி. இது பதிவைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இந்த வகைக்காரர்கள் இத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம்.

*பதில் 'டர்ட்டி':* கொடி ஏறியிருக்கிறது. இதை இறக்க எஃப்எஸ்யூட்டிலில் கட்டளையே கிடையாது. ஏற்றக் கட்டளை உண்டு, இறக்க இல்லை. இது மறதி அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரிபார்க்காமல் 'சரி' என்று கையெழுத்துப் போடக்கூடாது, அவ்வளவுதான். இறக்குவதற்கு முறையான வழி, செக்டிஸ்க்கைத் திருத்தும் முறையில் ஒருமுறை முழுதாக ஓடி முடிய விடுவது. செக்டிஸ்க், இடைவெளி, சி முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, எஃப். பிறகு ரீஸ்டார்ட்.

'முழுதாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் சோதனை வருகிறது என்று புலம்புபவர்களில் பலர், தினமும் ஏதாவது ஒரு கீயைத் தட்டி அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான். முடியாத சோதனை கொடியை இறக்காது. கொடி இறங்காததால் மறுநாளும் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடவிட்டுச் சாப்பிடப் போங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

பேக்கப் முதலில், செக்டிஸ்க் பிறகு

செக்டிஸ்க்கைப் பலர் டாக்டர் என்று நினைக்கிறார்கள். அது கணக்குப்பிள்ளை. அதன் வேலை கோப்பு முறைமையின் கணக்கை நேர்ப்படுத்துவது. உங்கள் மகளின் கல்யாண போட்டோவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஒரு கோப்பின் பதிவு அரைகுறையாக இருந்தால் அந்தப் பதிவை வெட்டிவிட்டு, மிச்சத் துண்டுகளை 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் மறைவான ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிடும். கணக்கு நேராகிவிட்டது, வேலை முடிந்தது என்று போய்விடும். அது தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. நாம்தான் அதனிடம் வேறு எதையோ எதிர்பார்க்கிறோம்.

வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். 'சாய்கோடு ஆர்' கொடுத்தால் வட்டின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். ஒரு டெராபைட் வட்டில் மணிக்கணக்கில் ஓடும். மூச்சு வாங்கும் வயதானவரை மலையேறச் சொல்வது மாதிரி. ஏறி முடிப்பதற்குள் விழுந்துவிடலாம்.

எனவே, தினமும் சோதனை வருகிற கணினியில் முதல் வேலை, முக்கியமான ஃபோல்டர்களை வேறொரு வட்டுக்கு நகல் எடுப்பது. காலையில் அரை மணி நேரச் சோதனை குறுக்கே நிற்கிறதா? நகல் எடுத்து முடிக்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள். என் கணக்கில், நிறுத்துவதற்கு நியாயமான முதல் காரணம் இதுதான். இப்போது அந்த ஒரு வரிக் கட்டளை:

சி, எச், கே, என், டி, எஃப், எஸ். இடைவெளி. சாய்கோடு, எக்ஸ். இடைவெளி. சி, முக்காற்புள்ளி.

இதைத் தட்டினால் சி டிரைவை இனிமேல் துவக்கத்தில் பார்க்காதே என்று பூட் எக்ஸிக்யூட் பதிவில் எழுதிவிடும். இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, இந்தக் கட்டளை பழையதோடு கூட்டிக்கொள்ளாது. இன்று சி-க்குக் கொடுத்து நாளை டி-க்குக் கொடுத்தால், சி-க்குக் கொடுத்தது போய்விடும். இரண்டுக்கும் வேண்டுமென்றால் ஒரே வரியில் இரண்டையும் கொடுக்க வேண்டும். இரண்டு, கொடி இறங்கவில்லை. யாரும் பார்க்க வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். நகல் எடுத்து முடித்ததும் 'சாய்கோடு டி' கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

முடிந்த பிறகும் கொடி ஏறினால்

சோதனை முழுதாக ஓடிவிட்டது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 'வின்இனிட்' என்ற பெயரில், 1001 என்ற எண்ணில், அதன் முழு அறிக்கை இருக்கும். அதில் பேட் செக்டார் என்று வரும் வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. அதோடு சிஸ்டம் பகுதியில் 'டிஸ்க்' பெயரில் 7-ஆம் எண்ணோ, 'என்டிஎஃப்எஸ்' பெயரில் 55-ஆம் எண்ணோ இருக்கிறதா என்றும் பாருங்கள். 7 என்றால் வட்டில் ஒரு இடத்தைப் படிக்க முடியவில்லை. 55 என்றால் கோப்பு முறைமையின் கட்டமைப்பே கலைந்திருப்பதை விண்டோஸ் கண்டிருக்கிறது.

அடுத்து வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். பழைய சுழலும் வட்டென்றால் நான்கு எண்கள் முக்கியம்.

5: படிக்க முடியாமல் போய், மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்.

197: சந்தேகத்தில் வைக்கப்பட்டிருக்கும் செக்டார்கள்.

198: சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை.

199: வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில், வழியில் சிதைந்த தகவல்கள்.

இவற்றின் எண்கள் சில மென்பொருள்களில் பதினாறடிமான முறையில் 05, சி5, சி6, சி7 என்று தெரியும். ரா மதிப்பு என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். முதல் மூன்றில் ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே போனால் வட்டு போகப் போகிறது. புது வட்டு வாங்குங்கள், பேரம் வேண்டாம். முதல் மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் வட்டு நன்றாக இருக்கிறது. சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இப்படி இரண்டு கணினிகள் என்னிடம் வந்தன. இரண்டுக்கும் ஒரே வியாதி, தினமும் செக்டிஸ்க். முதலாவது ஒரு மாணவனுடையது. 199 நூற்றுக்கணக்கில் இருந்தது. கேபிளை மாற்றினேன், அத்தோடு சரி.

இரண்டாவது ஒரு டிடிபி கடையுடையது. அவர்கள் ஏற்கெனவே யாரையோ கூப்பிட்டு, மேலே சொன்ன எக்ஸ் கட்டளையைப் போட்டு 'சரி' செய்திருந்தார்கள். நாலு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்தாம் மாதம் கணினி எழவே இல்லை. கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் போனது பெரிதல்ல, திரும்பச் செய்துகொள்ளலாம். அதே கணினியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வட்டாரத்து நடுகற்களைப் பல வருஷமாக எடுத்த படங்களைப் புத்தகம் போடுவதற்காகக் கொடுத்து வைத்திருந்தார். அவர் கேமரா கார்டை அழித்து அழித்துப் பயன்படுத்துகிறவர். வேறு நகல் இல்லை.

பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, டிடி ரெஸ்க்யூ என்ற கருவியால் வட்டை அப்படியே இன்னொரு வட்டுக்கு நகல் எடுத்தோம். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் புத்திசாலிக் கருவி அது. இரண்டு ராத்திரி ஓடியது. முக்கால்வாசிப் படங்கள் வந்தன. வராதவற்றில் ஒரு கல், சாலை அகலப்படுத்தியபோது காணாமல் போய்விட்டது. அந்தக் கல்லும் இல்லை, படமும் இல்லை. எழுத்துகளை அவர் நோட்டில் படியெடுத்து வைத்திருந்ததால் வாசகம் மட்டும் தப்பியது. நாலு மாதத்துக்கு முன்பு, வட்டு எழுந்துகொண்டிருந்தபோதே, ஸ்மார்ட் பதிவை ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் எல்லாமே வந்திருக்கும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு எண்கள் வேறாக இருக்கும். என்விஎம்இ வகையில் மீடியா எர்ரர், மிச்சமுள்ள உபரி இடம் ஆகிய இரண்டையும் பாருங்கள்.

வட்டும் கேபிளும் நன்றாக இருந்தால் இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒன்று ராம். கெட்ட ராம் நல்ல வட்டில் தப்புத் தப்பாக எழுதும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல, பாதித் தூக்கம். அந்த நிலையில் இருக்கும் வட்டை அதே கணினியில் உள்ள லினக்ஸிலிருந்து திறந்து எழுதினால், விண்டோஸ் எழும்போது அது நினைவில் வைத்திருப்பதும் வட்டில் இருப்பதும் ஒத்துப்போகாது. இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் நண்பர்களுக்கு

பழைய உபுண்டுவில் முப்பது சொச்சம் துவக்கத்துக்கு ஒருமுறை சோதனை வரும். அது கோளாறு இல்லை, வைத்த கணக்கு. இத்தனை முறை மவுண்ட் ஆனால், அல்லது 180 நாள் ஆனால் சோதி என்று ஈஎக்ஸ்டி வட்டுகளில் எழுதியிருக்கும். 2011-இல் வந்த ஈ2எஃப்எஸ்பிராக்ஸ் 1.42-க்குப் பிறகு உருவாக்கிய வட்டுகளில் இந்தக் கணக்கு இயல்பாகவே கிடையாது. பழைய வட்டென்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் சி, ஐ இரண்டுக்கும் பூஜ்யம் கொடுத்து எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு துவக்கத்திலும் வந்தால் கதை வேறு. கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று செய்தி வருகிறதா பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதியில் எழும். வட்டில் நேற்றைய தேதி எழுதியிருக்கும். 'இது எப்படி?' என்று குழம்பிச் சோதனைக்குப் போய்விடும். சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போடுங்கள், தீர்ந்தது. ஒரு கட்டளையும் தேவையில்லை.

சரி, நிரந்தரமாக நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெறும் சோதனைக்காக வைத்திருக்கும் கணினி, உள்ளே ஒன்றுமே இல்லாத வட்டு, அல்லது மேலே சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டு 'போனால் போகட்டும்' என்று தெரிந்தே ஓட்டும் பழைய கணினி என்றால் தாராளமாக நிறுத்தலாம். காத்திருப்பதுதான் எரிச்சல் என்றால் நிறுத்தவே வேண்டாம். அதே செக்என்டிஎஃப்எஸ் கட்டளையில் சாய்கோடு டி, முக்காற்புள்ளி, பிறகு நொடிகளின் எண்ணிக்கை கொடுத்தால் சோதனைக்கு முன் வரும் காத்திருப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு வரிசை இதுதான்: நகல் எடுங்கள், கொடியைப் பாருங்கள், ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள், திரும்ப ஏறினால் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள், கேபிளையோ வட்டையோ மாற்றுங்கள். இதைச் செய்துவிட்டால் சோதனை தானாகவே நின்றுவிடும், தனியாக நிறுத்த வேண்டியிருக்காது. நகல் எடுப்பதற்கு மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.